பழைய ரவுட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர்: வீட்டின் இணைய வாயிலைச் செப்பனிடும் முறை

வங்கிக் கிளைக்கு நேரில் வந்து முடித்த பணிகளுள் பெரும்பாலானவை இன்று வீட்டிலிருந்தே நடைபெறுகின்றன. மின்கட்டணம் செலுத்துதல், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் அனுப்புதல், வைப்புத்தொகையைப் புதுப்பித்தல் என எதற்கும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. இவ்வசதியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும்பொருட்டு நாம் கைப்பேசிக்குத் திரைப்பூட்டு இடுகிறோம், வங்கிச் செயலியின் கடவுச்சொல்லைக் காலந்தோறும் மாற்றுகிறோம், ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்வதில்லை. எனினும் இத்தனை பரிமாற்றங்களும் கடந்து செல்லும் ஒரு சிறிய பெட்டியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அலமாரியின் மேலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இருக்கும் ரவுட்டர்தான் அது. விளக்கு எரிகிறது, வைஃபை கிடைக்கிறது. ஆதலால் அது நலமாகவே இருக்கிறது என எண்ணிக்கொள்கிறோம்.

ரவுட்டர் இயங்குகிறது என்பதும் அது பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. ஐந்து, ஆறு ஆண்டுகளாக ஒருமுறையேனும் புதுப்பிக்கப்படாத ரவுட்டர் குறையின்றி இணையம் வழங்கிக்கொண்டே பிறர் கைக்குப் போயிருக்கக்கூடும். அதன் உள்மென்பொருளைப் புதுப்பிப்பது அரைமணி நேரப் பணி. அதனை எவ்வாறு பிழையின்றிச் செய்வது, எந்நிலையில் புதுப்பிக்கும் முயற்சியைக் கைவிட்டுக் கருவியையே மாற்ற வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஃபர்ம்வேர் என்பது யாது?

ரவுட்டர் என்பது உண்மையில் ஒரு சிறு கணினி. அதற்குள் ஒரு செயலி உண்டு. தற்காலிக நினைவகம் உண்டு. மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகமும் உண்டு. அந்த ஃபிளாஷ் நினைவகத்தில் பதிந்திருக்கும் மென்பொருளே ஃபர்ம்வேர் எனப்படுகிறது. தமிழில் இதனை நிலைபொருள் என்றும் வழங்குவர். வைஃபை அலைகளைக் கட்டுப்படுத்துவது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வழங்குவது, வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளைத் தடுப்பது ஆகிய அனைத்தும் இதன் பணிகள். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இயங்குவது லினக்ஸ் இயங்குதளத்தின் சுருங்கிய வடிவமே.

கைப்பேசியும் கணினியும் புதிய பதிப்பு வந்தவுடன் நமக்கு அறிவிக்கின்றன. பல வேளைகளில் தாமாகவே புதுப்பித்தும் கொள்கின்றன. பழைய ரவுட்டர்களுக்கு இப்பழக்கம் இல்லை. அவற்றுக்குத் திரை இல்லை. அறிவிப்பு அனுப்ப வழியும் இல்லை. தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட பதிப்புடனேயே அவை ஆண்டுக்கணக்கில் இயங்குகின்றன. உரிமையாளர் தாமே சென்று பார்த்தாலன்றி, புதிய பதிப்பு வெளியானது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

வங்கிக் கணக்குக்கும் ரவுட்டருக்கும் என்ன தொடர்பு?

உலாவியில் ஒரு வங்கியின் இணைய முகவரியைத் தட்டச்சு செய்கிறோம். கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை, எண்களால் அறிகின்றன. ஆகவே அப்பெயருக்குரிய எண்ணைக் கண்டறிந்து சொல்ல ஒரு சேவை தேவைப்படுகிறது. அதுவே டி.என்.எஸ். தொலைபேசி எண் தொகுப்பேட்டைப் போன்றது இது. எந்தத் தொகுப்பேட்டைப் பார்க்க வேண்டும் என வீட்டிலுள்ள கருவிகளுக்குச் சொல்வது பெரும்பாலும் ரவுட்டர்தான்.

ரவுட்டருக்குள் புகுந்த ஒருவர் இந்த ஒரே அமைப்பை மாற்றினாலும் போதும். அதன்பின் வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவை பொய்யான தொகுப்பேட்டைப் பார்க்கத் தொடங்கும். கணினியில் சிறந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தாலும் அது இம்மாற்றத்தைக் காணாமல் போகலாம். ஏனெனில் மாற்றம் நிகழ்ந்த இடம் கணினி அன்று.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2011-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் ஏறத்தாழ 45 லட்சம் மோடம்கள் இவ்வாறே கைப்பற்றப்பட்டன. அவற்றின் ஃபர்ம்வேரில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, டி.என்.எஸ். அமைப்பை மாற்றி, மக்களைப் போலிச் சேவையகங்களின் பக்கம் திருப்பினர். அதற்கென 40 போலி டி.என்.எஸ். சேவையகங்கள் இயக்கப்பட்டன. வங்கி வாடிக்கையாளர்களின் விவரங்களைத் திருடுவதே நோக்கம். கேஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் 2012-இல் இதனை விரிவாக வெளிப்படுத்தினார். பாதிக்கப்பட்டோரின் கணினிகளைத் துப்புரவு செய்தும் பயன் இல்லாது போயிற்று. நோய் மோடத்தில் இருந்தது.

இந்தியாவும் இதற்கு விலக்கு அன்று. 2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் பிராட்பேண்ட் மோடம்கள் பலவற்றை ஒரு தீநிரல் தாக்கிச் செயலிழக்கச் செய்தது. தொழிற்சாலையில் இடப்பட்ட 'அட்மின்' என்னும் கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததே அதற்கு வழிவிட்டது. கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு வாடிக்கையாளர்களுக்கு அந்நிறுவனம் அறிவுறுத்தியது.

இங்கு ஓர் ஆறுதலையும் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வங்கித் தளங்களும் செயலிகளும் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ரவுட்டரைக் கைப்பற்றிய மாத்திரத்தில் உங்கள் கடவுச்சொல்லை ஒருவர் படித்துவிட இயலாது. போலித் தளத்திடம் வங்கியின் உண்மையான பாதுகாப்புச் சான்றிதழ் இராது. எனவே 'இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று' என்னும் பொருளில் உலாவி எச்சரிக்கும். வங்கிச் செயலிகள் பொதுவாக இணையவே மறுத்துவிடும்.

எச்சரிக்கை என்னவெனில், இத்தகைய தாக்குதலில் முகவரிப் பட்டையில் சரியான பெயரே தோன்றக்கூடும். போலித் தளங்களை இனங்காண உதவும்பொருட்டு, இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க் டாட் இன்' என முடியும் வகையில் 2025 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் மாற்றப்பட வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. எழுத்துகளைச் சற்றே மாற்றிய போலிப் பெயர்களை அடையாளங்காண இது பெரிதும் உதவும். ஆனால் டி.என்.எஸ். திருடப்பட்ட வீட்டில் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. அங்கே நமக்கு எஞ்சியிருக்கும் காவல் உலாவியின் சான்றிதழ் எச்சரிக்கையே. வங்கித் தளத்தில் அவ்வெச்சரிக்கை தோன்றினால், 'பரவாயில்லை, தொடர்க' என்னும் பொத்தானை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். உலாவியை மூடிவிட்டுக் கைப்பேசியின் மொபைல் டேட்டா வழியே முயன்று பாருங்கள். அங்கே எச்சரிக்கை இன்றித் தளம் திறந்தால், வீட்டு ரவுட்டரைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மருந்து வெளியான பின்னரே நோய் பரவுகிறது

ஒரு ஃபர்ம்வேரில் குறை இருப்பது கண்டறியப்பட்டால், நற்பெயர் பெற்ற நிறுவனங்கள் அதனை நீக்கிய புதிய பதிப்பை வெளியிடுகின்றன. அத்துடன் எந்தக் குறை நீக்கப்பட்டது என்ற குறிப்பையும் வெளியிடுகின்றன. அக்குறிப்பை நல்லவர்களும் படிக்கின்றனர்; தீயவர்களும் படிக்கின்றனர். புதுப்பிக்காதவர்களின் கருவிகளில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது அன்றுமுதல் ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது.

மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர்களில் கண்டறியப்பட்ட ஒரு குறைக்கு 2018 ஏப்ரலிலேயே திருத்தம் வெளியானது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில் பிரேசிலில் பல்லாயிரக்கணக்கான மைக்ரோடிக் ரவுட்டர்கள் அதே குறையின் வழியே கைப்பற்றப்பட்டன. அவற்றின் வழியே இணையத்தைப் பார்த்தவர்களின் கணினிகள், அவர்கள் அறியாமலேயே, பிறருக்காக மின்நாணயம் ஈட்டும் கணக்கீடுகளைச் செய்தன. பின்னர் இந்தியாவிலும் இத்தகைய ரவுட்டர்கள் பெரும் எண்ணிக்கையில் கண்டறியப்பட்டன. திருத்தம் கைக்கெட்டும் தொலைவில் நான்கு மாதங்களாக இருந்தது. அதனை எடுத்து இட்டவர்களுக்குத் தீங்கு நேரவில்லை.

முதற்படி: கருவியை அறிதல்

புதுப்பிக்கும் பணியில் நேரும் சேதங்களுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: தவறான கோப்பு, இடையில் நின்ற மின்சாரம். ஆகவே கோப்பைத் தேடுமுன் கருவியைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில், கருவி எவருடையது என்று பாருங்கள். ஃபைபர் இணைப்புடன் இணைய நிறுவனமே தந்த பெட்டியாயின், அதன் ஃபர்ம்வேரை அந்நிறுவனமே தொலைவிலிருந்து புதுப்பிப்பது வழக்கம். அத்தகைய பெட்டியில் வெளியிலிருந்து எடுத்த கோப்பை ஏற்றலாகாது. இணைப்பே துண்டிக்கப்பட நேரிடும். அவர்களது வாடிக்கையாளர் சேவையைத் தொடர்புகொண்டு, தற்போதைய பதிப்பு எது, அது எப்போது புதுப்பிக்கப்பட்டது எனக் கேட்டறியுங்கள். நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டராயின் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

அடுத்து, கருவியைத் திருப்பி அதன் அடியிலுள்ள ஒட்டுத்தாளைப் படியுங்கள். மாடல் பெயருடன் வன்பொருள் பதிப்பு எண்ணும் அங்கே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பலர் மாடல் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு நின்றுவிடுகின்றனர். இந்திய வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் டி.பி.-லிங்க் நிறுவனத்தின் டி.எல்.-டபிள்யூ.ஆர்.841என் என்னும் ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரே பெயரில் பத்துக்கும் மேற்பட்ட வன்பொருள் பதிப்புகள் வெளிவந்துள்ளன. ஒன்பதாம் பதிப்பில் இருப்பது குவால்காம் நிறுவனத்தின் சில்லு; பதின்மூன்றாம் பதிப்பில் இருப்பது மீடியாடெக் நிறுவனத்தின் சில்லு. வெளித்தோற்றத்தில் உறவு தெரிந்தாலும் உள்ளே இவை வேறு வேறு கருவிகள். ஒன்றுக்குரிய ஃபர்ம்வேர் மற்றதற்குப் பொருந்தாது. ஒட்டுத்தாளைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்வது நன்று.

மூன்றாவதாக, இப்போது இயங்கும் பதிப்பை அறிய வேண்டும். ரவுட்டருடன் இணைந்த கணினியின் உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 எனத் தட்டச்சு செய்தால் மேலாண்மைப் பக்கம் திறக்கும். சரியான எண்ணும் பெரும்பாலும் ஒட்டுத்தாளிலேயே இருக்கும். உள்ளே 'ஸ்டேட்டஸ்' என்னும் பகுதியில் ஃபர்ம்வேர் பதிப்பும் அது உருவான தேதியும் காணப்படும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திற்கு மட்டுமே செல்லுங்கள். அதில் இந்தியாவுக்குரிய பக்கத்தைத் தேர்ந்து, மாடலையும் வன்பொருள் பதிப்பையும் கொடுங்கள். நாட்டுக்கு நாடு ஃபர்ம்வேர் மாறுபடுவது உண்டு. வேறு நாட்டுக்குரிய கோப்பு கருவியைப் பழுதாக்கக்கூடும். தேடுபொறியில் முதலில் தோன்றும் ஏதோ ஒரு தரவிறக்கத் தளத்திலிருந்து கோப்பை எடுப்பது, பூட்டை மாற்ற முகமறியா ஒருவரை அழைப்பதற்கு ஒப்பாகும்.

பட்டியலிலுள்ள பதிப்பின் தேதி உங்கள் ரவுட்டரில் உள்ளதைவிடப் புதியதா எனப் பாருங்கள். உடன் உள்ள குறிப்பையும் படியுங்கள். குறிப்பிட்ட ஓர் இடைப்பதிப்பை முதலில் ஏற்றிய பின்னரே புதியதை ஏற்ற வேண்டும் எனச் சில வேளைகளில் அதில் சொல்லப்பட்டிருக்கும். தரவிறக்கிய கோப்பு சுருக்கப்பட்டதாக இருப்பின் அதனை விரித்து, உள்ளே இருக்கும் 'பின்' வகைக் கோப்பைத் தனியே எடுத்து வையுங்கள். ரவுட்டருக்குத் தர வேண்டியது அதுவே.

பிறகு இணைய இணைப்பின் விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இணைய நிறுவனம் வழங்கிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இதில் முதன்மையானவை. இணைப்பு நிறுவ வந்தவர் பதிந்துவிட்டுப் போன அவ்விவரம் பல வீடுகளில் எவரிடமும் இருப்பதில்லை. புதுப்பித்தபின் ரவுட்டர் தன் பழைய அமைப்புகளை மறந்துவிட்டால், அவ்விவரம் இன்றி இணையம் திரும்பாது. தெரியவில்லையெனில் நிறுவனத்திடம் முன்னதாகவே கேட்டுப் பெறுங்கள். 'பேக்கப்' வசதியின் மூலம் அமைப்புகளின் காப்புப் படியை எடுத்து வைப்பதும் நலம். எனினும் பழைய பதிப்பின் காப்புப் படியைப் புதிய பதிப்பு ஏற்காமல் போகலாம் என்பதால் தாளில் எழுதுவதைத் தவிர்க்க வேண்டாம்.

மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இடியும் மழையும் உள்ள மாலை வேளை இதற்கு ஏற்றதன்று. யு.பி.எஸ். அல்லது இன்வர்ட்டர் இருப்பின் ரவுட்டரையும் கணினியையும் அதனுடன் இணைத்துவிடுங்கள். வீட்டில் எவரேனும் இணைய வழியில் தேர்வு எழுதிக்கொண்டோ அலுவல் பார்த்துக்கொண்டோ இருந்தால் காத்திருங்கள்.

புதுப்பிக்கும் முறை

கணினியையும் ரவுட்டரையும் லேன் கேபிள் கொண்டு இணையுங்கள். வைஃபை வழியே புதுப்பிப்பதைப் பல நிறுவனங்கள் தம் குறிப்பிலேயே தவிர்க்கச் சொல்கின்றன. கோப்பு செல்லும்போது அலை இணைப்பு அறுந்தால் பணி பாதியில் நின்றுவிடும்.

மேலாண்மைப் பக்கத்தில் 'சிஸ்டம் டூல்ஸ்' என்னும் பகுதிக்குள் 'ஃபர்ம்வேர் அப்கிரேட்' என்னும் வரி இருக்கும். சில நிறுவனங்களின் பக்கங்களில் 'அட்மினிஸ்ட்ரேஷன்' அல்லது 'மெயின்டனன்ஸ்' என்பதன்கீழ் இது அமைந்திருக்கும். அங்கே கோப்பைத் தேர்ந்தெடுக்குமுன், அதன் பெயரிலுள்ள மாடலும் பதிப்பும் ஒட்டுத்தாளின் படத்துடன் பொருந்துகின்றனவா என மீண்டும் ஒருமுறை ஒப்பிடுங்கள். பிறகு 'அப்கிரேட்' பொத்தானை அழுத்துங்கள்.

இதன்பின் நீங்கள் செய்ய வேண்டியது காத்திருத்தல் மட்டுமே. இக்காத்திருப்பு ஏன் இன்றியமையாதது என்பதை அறிந்துகொண்டால் பொறுமை தானே வரும். ரவுட்டர் முதலில் புதிய கோப்பைத் தற்காலிக நினைவகத்தில் வாங்குகிறது. பிறகு ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள பழைய மென்பொருளைப் பகுதி பகுதியாக அழித்து, அவ்விடத்தில் புதியதை எழுதுகிறது. பழைய கருவிகளில் இரு பதிப்புகளையும் ஒருங்கே வைக்க இடம் இல்லை. ஆகவே நடுவில் மின்சாரம் நின்றால், பழையதும் முழுமையாக இராது. புதியதும் முழுமையாக இராது. மேலாண்மைப் பக்கம் உறைந்துவிட்டதுபோல் தோன்றினாலும், விளக்குகள் அணைந்து எரிந்தாலும், சுவிட்சைத் தொடாதீர்கள். பொதுவாகச் சில நிமிடங்களில் பணி முடிந்து ரவுட்டர் தானே மீண்டும் தொடங்கும். பத்து நிமிடங்கள் வரை பொறுத்திருப்பதால் இழப்பு ஏதும் இல்லை.

மீண்டும் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, 'ஸ்டேட்டஸ்' பகுதியில் புதிய பதிப்பு எண் தோன்றுகிறதா எனச் சரிபாருங்கள். அது தோன்றிய பின்னரே பணி நிறைவுற்றதாகக் கொள்ள வேண்டும்.

தடங்கல் நேர்ந்தால்

புதுப்பித்தபின் வைஃபை பெயர் மாறியிருந்தாலோ இணையம் வராமலிருந்தாலோ அஞ்ச வேண்டியதில்லை. ரவுட்டர் தன் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். தாளில் எழுதிவைத்த விவரங்களை மீண்டும் பதிந்தால் போதும். நடத்தை தாறுமாறாக இருப்பின், பின்புறமுள்ள 'ரீசெட்' பொத்தானை ஏறத்தாழ பத்து நொடிகள் அழுத்திப் பிடித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, அமைப்புகளைப் புதிதாக இடுங்கள்.

மேலாண்மைப் பக்கமே திறக்கவில்லையெனில், ஃபர்ம்வேர் முழுமையாக எழுதப்படாமல் போயிருக்கலாம். ஃபர்ம்வேரைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல் நினைவகத்தில் தனியிடத்தில் இருப்பதால், பல கருவிகளை மீட்க வழி உண்டு. அவ்வழி மாடலுக்கு மாடல் வேறுபடும். தயாரிப்பு நிறுவனத்தின் உதவிப் பக்கத்தையோ அதன் சேவை மையத்தையோ நாடுவதே முறை.

புதுப்பித்த கையோடு

கதவைச் செப்பனிட்டுவிட்டுச் சாவியை வாசலிலேயே வைப்பதில் பயனில்லை. ஆகவே அதே அமர்வில் பின்வரும் ஐந்து அமைப்புகளையும் சரிசெய்துவிடுங்கள்.

ஒன்று, மேலாண்மைப் பக்கத்தின் கடவுச்சொல். இது வைஃபை கடவுச்சொல்லினின்று வேறானது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றியவர்கள்கூட இதனை 'அட்மின்' என்றே விட்டுவைக்கின்றனர். 2016-இல் உலகெங்கும் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றைக் கொண்ட ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது.

இரண்டு, வைஃபை பாதுகாப்பு முறை. டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறை எளிதில் உடைபடக்கூடியது. கருவி அதனை மட்டுமே அறியுமாயின் அது ஓய்வுபெற வேண்டிய கருவி.

மூன்று, டபிள்யூ.பி.எஸ். வசதி. எட்டு இலக்க எண்ணைக் கொண்டு எளிதில் இணைய உதவும் இவ்வசதியில் பெருங்குறை உள்ளது என 2011 இறுதியிலேயே வெளிப்படுத்தப்பட்டது. அதனை நிறுத்திவிடுங்கள்.

நான்கு, தொலைநிலை மேலாண்மை. வீட்டுக்கு வெளியிலிருந்து ரவுட்டரின் மேலாண்மைப் பக்கத்தைத் திறக்க உதவும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதி நம்மில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. அதுவும் நிறுத்தப்பட வேண்டியதே.

ஐந்து, டி.என்.எஸ். முகவரிகள். இணைய நிறுவனத்திடமிருந்து தானே பெறும் நிலையில் வைக்கலாம், அல்லது 8.8.8.8, 1.1.1.1 போன்ற அறியப்பட்ட பொதுச் சேவைகளை இடலாம். நீங்களும் இணைய நிறுவனமும் இடாத எண்கள் அங்கே காணப்பட்டால், ரவுட்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, புதுப்பித்து, பின்னர் வங்கிக் கடவுச்சொற்களையும் வேறொரு பாதுகாப்பான இணைப்பிலிருந்து மாற்றுங்கள். வீட்டுக் கணினியில் தீநிரல் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்னும் மையம் வழங்கும் இலவசக் கருவிகளைப் பயன்படுத்தலாம்.

புதிய பதிப்பே இல்லையெனில்

பழைய ரவுட்டர்களின் உரிமையாளர்கள் பலர் நிறுவனத்தின் தளத்திற்குச் சென்றதும் ஏமாற்றம் அடைவதுண்டு. அங்கே இறுதிப் பதிப்பின் தேதி ஏழெட்டு ஆண்டுகளுக்கு முற்பட்டதாக இருக்கும். 'எண்ட் ஆஃப் லைஃப்' என்னும் குறிப்பும் இருக்கலாம். அம்மாடலுக்கு இனித் திருத்தம் வராது என்பதே அதன் பொருள். இறுதிப் பதிப்பை ஏற்றிவிட்டால் அதுவரை அறியப்பட்ட குறைகள் நீங்கும். அதன்பின் கண்டறியப்பட்டவை நீங்கா.

இத்தகைய கருவிகளைத் தேடிப் பிடிப்பதே சிலருக்குத் தொழிலாகிவிட்டது. 2010-ஆம் ஆண்டும் அதற்கு முன்னரும் வெளிவந்த, ஆதரவு நின்றுபோன ரவுட்டர்களைத் தீயவர்கள் கைப்பற்றிவருவதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 மே மாதம் எச்சரித்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் இ1200, இ2500 போன்ற மாடல்கள் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. கைப்பற்றப்பட்ட வீட்டு இணைப்புகள் பிறருக்கு வாடகைக்கு விடப்பட்டன. குற்றம் புரிபவர் எங்கோ இருக்க, தடயம் மட்டும் ஓர் அப்பாவிக் குடும்பத்தின் இணைய முகவரியைக் காட்டும். ஆகவே இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

கணினி அறிவு மிக்கவர்கள் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. போன்ற திறந்த மூல ஃபர்ம்வேரைப் பழைய கருவிகளில் ஏற்றி அவற்றின் வாழ்நாளை நீட்டிப்பதுண்டு. அதற்கும் எல்லை உண்டு. 4 எம்.பி. ஃபிளாஷ் நினைவகமும் 32 எம்.பி. தற்காலிக நினைவகமும் மட்டுமே கொண்ட மலிவு விலை ரவுட்டர்களில் அதன் புதிய பதிப்புகள் அடங்குவதில்லை. மேலும் இம்முயற்சியில் உத்தரவாதம் பறிபோகலாம். பயிற்சி இல்லாதவர்களுக்கு இதனைப் பரிந்துரைக்க இயலாது.

ஏனையோருக்கு உரிய விடை, புதிய ரவுட்டர் வாங்குவதே. வாங்கும்போது வேகத்தையும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையையும் மட்டும் பார்க்காமல் மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஃபர்ம்வேர் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி உண்டா? அம்மாடலுக்கு அண்மையில் புதிய பதிப்பு வெளியாகியுள்ளதா? எத்தனை ஆண்டுகளுக்கு ஆதரவு தரப்படும் என நிறுவனம் கூறியுள்ளதா? பழைய ரவுட்டரைக் கொடுக்குமுன் அல்லது மின்கழிவாக ஒப்படைக்குமுன் 'ரீசெட்' செய்யத் தவறாதீர்கள்; உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் இணையக் கணக்கின் விவரங்களும் அதற்குள் இருக்கின்றன.

புதுப்பிப்பின் பெயரால் வரும் மோசடி

'உங்கள் ரவுட்டரைப் புதுப்பிக்காவிடில் இன்று மாலை இணைப்பு துண்டிக்கப்படும். இந்தச் செயலியை நிறுவுங்கள், நாங்களே செய்து தருகிறோம்' எனத் தொலைபேசியில் எவரேனும் கூறினால் இணைப்பை உடனே துண்டியுங்கள். அவர்கள் நிறுவச் சொல்வது உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் செயலியாகவே இருக்கும். அதேபோல், இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது 'ரவுட்டர் புதுப்பிப்பு' எனத் தானே எழும் சாளரத்தை நம்பாதீர்கள். ரவுட்டரின் புதுப்பிப்பு அதன் மேலாண்மைப் பக்கத்திலோ, தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வச் செயலியிலோ மட்டுமே நடைபெறும். அதற்கு ஓ.டி.பி. தேவைப்படாது; அட்டை எண் தேவைப்படாது; பணமும் தேவைப்படாது.

கணக்கில் நீங்கள் செய்யாத பரிமாற்றம் ஏதேனும் தெரிந்தால், காரணம் ரவுட்டரா கைப்பேசியா என ஆராய்ந்துகொண்டு காலம் தாழ்த்தாதீர்கள். முதலில் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கின் மின்னணுச் சேவைகளை நிறுத்தச் சொல்லுங்கள். உடனே 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் தடுத்து நிறுத்த முதல் சில மணி நேரமே பெரும் வாய்ப்பாக அமையும்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை ரவுட்டரின் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, பதிப்பு எண், டி.என்.எஸ்., இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பதிவு செய்து சரிபார்ப்பது போன்ற பணிதான் இதுவும். பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது. இந்த வாரம் தொடங்குவதாயின், ரவுட்டரைத் திருப்பி அதன் ஒட்டுத்தாளைப் படம்பிடிப்பதிலிருந்து தொடங்கலாம்.